ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை: செய்து கற்கும் பள்ளியில் மகளைப் படிக்கவைத்த அனுபவம்

ப்ராஜெக்ட் என்றதும் ராத்திரி பத்து மணிக்கு அப்பா தெர்மாகோல் வெட்டுவதும், அம்மா கடையில் வாங்கிய படங்களைச் சார்ட்டில் ஒட்டுவதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். மதுரைப் பக்கம் ஒரு சிறு பள்ளியில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். இப்போது ஏழாவது படிக்கிறாள். இதுவரை அப்படி ஒரு வேலையும் வீட்டுக்கு வந்ததில்லை. பிள்ளைகளின் வேலையைப் பிள்ளைகளேதான் செய்கிறார்கள்.

நாலாவது படித்தபோது நடந்த கண்மாய் ப்ராஜெக்டைச் சொன்னால் முறை விளங்கும். நாலும் ஐந்தும் சேர்ந்த வகுப்பு. ஐப்பசி மழைக்கு முன்பே பக்கம் நேராக உள்ள பாட்டிலை வெட்டி மழைமானி செய்து வைத்தார்கள். வானிலைத் துறை அளப்பதுபோலவே தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்தார்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 40 மி.மீ. பெய்தால் 8,000 லிட்டர். பெருக்கலும் பரப்பளவும் இப்படித்தான் அவளுக்குள் இறங்கின.

மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் ஏன் நிறையவில்லை என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். அக்கா (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பதில் சொல்லவில்லை. கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பங்கிடும் ஊர் நீர்பாய்ச்சியிடம் கூட்டிப்போனார். எந்த மடையை எப்போது திறப்பது, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு எதற்கு என்றெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலோடு மேலே நடந்தார்கள். அங்கே சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. வரைபடம் போட்டு, மனு எழுதி, ஜனவரி 26 கிராம சபையில் இரண்டு பிள்ளைகள் வாசித்தார்கள். அந்த மனுவை நாலு தடவை திருத்தி எழுதவைத்தார் அக்கா. என் மகளுக்குத் தமிழில் கோவையாக எழுத வந்தது அப்போதுதான்.

எல்லா ப்ராஜெக்டும் இப்படி அமையவில்லை. இன்னொரு வருடம் சிறுதானியத்தை எடுத்தார்கள். நடுவில் ஆசிரியர் மாறிவிட்டார். சந்தைக்குப் போனார்கள், கூழ் காய்ச்சினார்கள், போட்டோ எடுத்தார்கள், அதோடு முடிந்தது. கம்பு எந்த மண்ணில் விளையும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1938-லேயே எழுதியிருக்கிறார். போய்வந்த மறுநாள் உட்கார்ந்து பேசுகிறார்களா, எழுதுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குத் தயார் செய்யும் ஆசிரியர் இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் சுற்றுலா.

குறைகளும் உண்டு. வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது. ல, ள, ழ பிழைகள் ஆறாவது வரை போகவில்லை. மனப்பாடப் பயிற்சியைப் பள்ளி கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கித் தள்ளுகிறது என்பது என் எண்ணம். கணக்கு புரிந்த பிள்ளைக்கும் வேகம் வேண்டும், அது பழகினால்தான் வரும். மதிப்பெண் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கை வரும். “எத்தனையாவது ரேங்க்டி?” என்று கேட்கும் அப்பத்தாவிடம் மகள் அதை முழுசாக வாசித்துக் காட்டுவாள்.

இதெல்லாம் வசதியானவர்கள் சமாச்சாரம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செயல்வழிக் கற்றல் 2003-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே சொல்கிறது.

சேர்க்க நினைப்பவர்கள் பள்ளிக்குப் போனால் சுவரில் தொங்கும் போட்டோக்களை விட்டுவிட்டு, ஒரு பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடித்து, திருத்தி, மறுபடி எழுதிய பக்கங்கள் இருக்கின்றனவா? ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். இந்தப் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வாய்ப்பாட்டை இப்போதிருந்தே வீட்டில் தினமும் சொல்ல வைக்கிறோம்.