கயிறில்லாத பிளைண்ட்: மூன்று வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலைக்குப் பதிலாக முதலில் ரோலர் பிளைண்ட்தான் இருந்தது, அதாவது மணிச்சங்கிலியை இழுத்தால் சுருண்டு ஏறி இறங்கும் ஜன்னல் மறைப்பு. மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும். ஒருநாள் சோபாவின் கைப்பிடி மேல் ஏறி நின்று, சங்கிலி வளையத்தை மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கால் வழுக்கியிருந்தால் என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை. கழுத்து இறுகிவிட்டால் குழந்தையால் கத்தவும் முடியாது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல், சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

அன்றைக்கே சங்கிலியை விறைப்பாக இழுத்துச் சுவரோடு பிடிக்கும் கிளிப்பை மாட்டினேன். படுக்கையறை பிளைண்டின் கயிற்றுக்குத் தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் கொக்கி அடித்து, அதில் சுற்றி வைத்தோம். கொக்கி நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஞாபகமாகச் சுற்ற வேண்டுமே! விருந்தாளிகள் திறந்துவிட்டு அப்படியே தொங்கவிட்டுப் போனார்கள். நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன். அப்புறம்தான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கயிறில்லாததற்கு மாறினோம்.

கீழ்ச்சட்டத்தைக் கையால் தூக்கினால் மேலே போகும், இழுத்தால் இறங்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் தாங்கிப் பிடிக்கிறது. குறைகளும் உண்டு. வெயில் அதிகம் விழும் ஜன்னலில் தினமும் நாலைந்து முறை ஏற்றி இறக்கியதில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் மெல்ல ஒரு சாண் இறங்கிவிடுகிறது. வெள்ளைச் சட்டத்தின் நடுவில் கை பட்டுப் பட்டு அழுக்கு ஏறியிருக்கிறது. உயரமான ஜன்னலுக்குத் தனியாகக் கோல் வாங்க வேண்டியிருந்தது. இது எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஏறும் ரோமன் பிளைண்டில் முன்னால் கயிறு இல்லாவிட்டாலும், துணிக்குப் பின்னால் ஓடும் நூலை இழுத்தால் தலை நுழையும் அளவுக்கு வளையம் வரக்கூடும். ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்களில் நீளமாகத் தொங்கும் கயிறு கூடாது என்று அமெரிக்கத் தரவிதி 2018லேயே சொல்லிவிட்டது. அதற்கு முன்பு மாட்டியவை இன்னும் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன.

எல்லா ஜன்னலையும் ஒரேயடியாக மாற்ற முடியாதென்றால், குழந்தை தூங்கும் அறையிலிருந்து ஆரம்பியுங்கள். அதுவரைக்கும் கட்டில், நாற்காலி, பொம்மைப் பெட்டி என்று ஏறி நிற்கக்கூடிய எதையும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.