தீட்டுவதற்கு முன் கழுவச் சொன்ன சாணைக் கடை

பாரிமுனையில் ஈவினிங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், பூட்டுக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாணைக் கடை இருக்கிறது. அப்பா விட்டுச்சென்ற சிவப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியைச் சென்ற மாதம் அங்கே எடுத்துச் சென்றேன். மடக்குக் கத்தி வைத்திருக்கும் சென்னைவாசிகள் அனைவருக்கும் இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன்.

கத்தியில் மூன்று குறைகள் இருந்தன. திறக்கும்போது நகம் பெயர்ந்துவிடும் அளவுக்கு இறுகியிருந்தது, அலகின் அடியில் துருப் புள்ளிகள் இருந்தன, முனை முறிந்திருந்தது. இவற்றில் முதல் இரண்டும் என் கவனக்குறைவால் வந்தவை. திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் உப்புக் காற்றுக்குப் பஞ்சமில்லை. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி, மாங்காய் நறுக்கிய கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தது என் தவறு. இறுகியபோது தேங்காய் எண்ணெய் விட்டேன். அது தூசியையும் கயிற்று நாரையும் பிடித்து வைத்துக்கொண்டு, மூட்டுக்குள் மெழுகுபோல் அப்பிக்கொண்டது. மூன்றாவது குறையைச் சரிசெய்யத்தான் முன்பே வேறொரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே மோட்டார் சக்கரத்தில் தண்ணீர் தொடாமல் வைத்து அழுத்தியதில், முனையருகே அலகு நீலம் பாரித்துப்போனது. நீலம் பாரித்த இடத்தில் எஃகின் பதம் போயிருக்கும். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

பாரிமுனைக் கடைக்காரர் கத்தியை வாங்கியதும் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. இரண்டு முறை திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்டார். "சார், வில்லு நல்லா இருக்கு. உள்ள அழுக்குதான். மொதல்ல கழுவணும்" என்றார். அலகைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கைத்தான் அவர் வில்லு என்கிறார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கத்தியை முழுக்கி, தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினார். கறுப்பாக இழை இழையாக அழுக்கு வெளியே வந்தது. பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால் உட்பக்கத்தைத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். சுத்தியலோ ஸ்பேனரோ தேவைப்படவில்லை. அலகு அதன் பின் ஒரு விரல் அசைவில் திறந்தது.

முனையைச் சரிசெய்த விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முறிந்த முனையைப் பலரும் வாய்ப்பக்கத்திலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, மேல்நோக்கித் தேய்த்துக் கூராக்குவார்கள். சமையலறைக் கத்திக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மடக்குக் கத்தியில் வாய் பிடிக்குள் போய், முதுகு வெளியே தெரியும்படி மடங்கும். முனை முதுகுப் பக்கம் ஏறிவிட்டால், மூடிய பிறகும் பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று, சட்டைப் பையையும் விரலையும் கிழிக்கும். இவர் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்கினார். நீலம் பாரித்த பகுதி முழுவதும் போகும்வரை, இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் செய்தார். அலகு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைந்தது. மூடினால் முனை பிடிக்குள் அடங்கிவிடுகிறது. வாயைச் சக்கரத்தில் வைக்காமல் கார்போரண்டம் கல்லில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வில் கையாலேயே தீட்டி, பிசிறைத் தோல்பட்டையில் எடுத்தார். அன்று இரவு பழுத்த தக்காளியை அழுத்தாமலே நறுக்க முடிந்தது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 120 ரூபாய் வாங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. உட்கார இடமில்லை என்பதும், அந்தச் சந்தில் வண்டி நிறுத்த முடியாது என்பதும் குறைகள். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்து போவதே நல்லது.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்க்ரூ போட்ட, திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வைத்த புதுவகைக் கத்தியையும் கொடுத்துப் பார்த்தேன். அதன் அலகு பக்கவாட்டில் ஆடியது. நட்சத்திர வாய் ஸ்க்ரூவுக்கான பிட் தம்மிடம் இல்லை என்று உள்ளதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறொரு கருவியை நுழைத்துத் திருகி ஸ்க்ரூவின் வாயைக் கெடுக்காமல் விட்டதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் நானே சரியான பிட்டால் ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் மரையில், ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசையில் நீல நிறத்தை மிகச் சிறிதளவு தடவி, அலகு ஆடாமலும் இறுகாமலும் இருக்கும் இடம் பார்த்து முடுக்கினேன். அந்தப் பசை அலகின் மூட்டில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் இப்படிச் சரியாகும். மேலும் கீழும் ஆடினால் பூட்டே தேய்ந்திருக்கக்கூடும், அதற்கு ஸ்க்ரூவை முடுக்குவதால் பயனில்லை.

அடுத்த வாரம் அம்மாவின் அரிவாள்மணையை அவரிடம் எடுத்துச் செல்கிறேன். கட்டையிலிருந்து அலகைப் பிரிக்காமலே தீட்ட முடியும் என்று சொல்லியிருக்கிறார்.