இரண்டு ஊசியா, ஒரே ஊசியா? பழைய அவுட்போர்டு கார்புரேட்டர் ஒப்பீடு

1950களின் ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டுகள் (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்கள்) பலவற்றில் முகப்பிலேயே இரண்டு திருகு குமிழ்கள் இருக்கும், ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. ஒவ்வொன்றும் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஊசியைத் திருகும். பின்னாளில் முழு வேக ஊசியை எடுத்துவிட்டு, அளவு மாறாத பித்தளை ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையுள்ள துண்டை, வைத்துவிட்டார்கள். திருகுவதற்கு மிஞ்சியது மெதுவான ஓட்டத்துக்கான ஐடில் ஊசி மட்டும்.

இரட்டை ஊசியில் முழு வேகத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், அதுவும் படகு தண்ணீரில் பாரத்தோடு ஓடும்போது. அரைக்கால் சுற்று உள்ளே திருகி, சில விநாடி பொறுத்து, சத்தத்தைக் கேளுங்கள். கார்புரேட்டர் வழியாகப் படக்கென்று தும்மினால் பெட்ரோல் போதவில்லை, உடனே வெளியே திருகுங்கள். திணறிப் புகை கக்கினால் அதிகம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, அதனால் இங்கே கஞ்சத்தனம் செய்தால் பிஸ்டன் கீறிக்கொள்ளும். இன்னொன்று, ஊசியை இறுக்கி மூடாதீர்கள், முனையில் வளையம் மாதிரி தடம் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த அளவிலும் நிற்காது.

ஜெட் வகையில் இந்தத் தலைவலி இல்லை. பழைய பெட்ரோல் பிசினாகி ஓட்டையை அடைத்தால்தான் தொல்லை. கழற்றி கிளீனர் அடித்து ஊதினால் போதும், டிரில் பிட்டை விட்டுக் குடையாதீர்கள்.

காது பழகியவருக்கு இரட்டை ஊசி சுகம்தான். படகை நாலு பேர் எடுத்து ஓட்டுவார்கள் என்றால் நான் ஜெட்டைத்தான் சொல்வேன், ஆளாளுக்குக் குமிழைத் திருகிப் பார்க்க முடியாது பாருங்கள்.