ஐந்து அங்குலத் திரைக்கு எந்த டெஸ்க்டாப்? ஸ்கேல் வைத்து ஓர் அலசல்

ஸ்கேலை எடுத்து அளந்தே பார்த்துவிட்டேன். என் கைக்கணினியின் திரை உயரம் 62 மில்லிமீட்டர். லினக்ஸில் சாளரம், பட்டை, மெனு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் இங்கே டெஸ்க்டாப் என்கிறேன். அவற்றில் ஒன்றான எக்ஸ்எஃப்சிஇயின் மேல்பட்டை, சாளரத்தின் தலைப்பு, அதன்கீழ் மெனு வரிசை, அதற்கும் கீழே கருவிப்பட்டை என்று நான்கு அடுக்குகள் போக, எழுதுவதற்கு மிஞ்சியது ஏறக்குறைய 47 மில்லிமீட்டர். கீழே நின்ற இன்னொரு பட்டையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பதடி மனையில் ஏழடியைத் திண்ணைக்கே விட்டுக்கொடுத்த கதைதான்.

‘இலகுவான டெஸ்க்டாப்’ என்றதும் எல்லோரும் நினைவகக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். எது குறைவாக ராம் தின்கிறது, எது சீக்கிரம் கிளம்புகிறது என்று. பழைய மடிக்கணினிக்கு அது சரியான கேள்வி. கைக்கணினிக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு டெஸ்க்டாப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறி மிச்சம் பிடிக்கும் நினைவகத்தை, ஃபயர்பாக்ஸில் நான்கு பக்கங்கள் திறந்தால் அதுவே வாரிக்கொண்டு போய்விடும். இங்கே தட்டுப்பாடு உயரத்துக்குத்தான். ஆகவே போட்டியாளர்களிடம் நான் கேட்டது ஒன்றே: போன 15 மில்லிமீட்டரில் எவ்வளவு திருப்பித் தருவாய், அதற்கு என்னை எவ்வளவு அலைக்கழிப்பாய்?

கருவியைப் பற்றி இரண்டு வரி. கிளாக்வொர்க்பையின் யூகன்சோல், 5 அங்குலத் திரை, 1280×720 பிக்சல், உள்ளே ராஸ்ப்பெரி பை சிஎம்4 என்ற குட்டிக் கணினிப் பலகை. விசைப்பலகையும் சுண்டைக்காய் அளவில் ஒரு டிராக்பாலும் உண்டு; தொடுதிரை கிடையாது. அங்குலத்துக்கு ஏறக்குறைய 294 பிக்சல் வருவதால், ஒரு பிக்சலின் அகலம் 0.09 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இதே பிக்சல் கணக்கோடு 6 அங்குலத் திரையில் வரும் ஜிபிடி மைக்ரோபிசிக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எழுத்தின் அளவு. உள்ளபடியே விட்டால் எறும்பு வரிசை. இரண்டு மடங்காக்கினால் கண்ணுக்கு இதம். ஆனால் மென்பொருள்களின் பார்வையில் திரை 640×360 ஆகச் சுருங்கிவிடும், லிப்ரேஆபீஸ் அதற்குள் மூச்சுத் திணறும். நடுவில் இருக்கும் ஒன்றரை மடங்குதான் தோதான அளவு. அப்போது கிடைப்பது 853×480. 2007இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701இன் 800×480 திரை நினைவிருப்பவர்களுக்கு அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும். அமைப்புப் பெட்டி ஒன்று திறக்கும்; அதன் ‘சரி’ பொத்தான் திரைக்குக் கீழே பாதாளத்தில் இருக்கும். இருப்பது தெரியும், எட்டாது.

எக்ஸ்எஃப்சிஇ

1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய இந்த டெஸ்க்டாப்பைப் பெரும்பாலானோர் முதலில் எடுப்பதில் வியப்பில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு குமிழ். கோப்பைத் திறந்து எதையும் எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றரை மடங்கை இது மங்கலில்லாமல் தராது. தோற்ற அமைப்பில் இருப்பது முழு எண் பெருக்கம் மட்டுமே. சுற்றுவழி, எழுத்துருப் பக்கத்தில் டிபிஐயை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை, 96இலிருந்து 144 ஆக்குவது. அப்படிச் செய்தால் எழுத்துகள் வளரும், மற்றவை வளராது. பட்டையின் உயரம், படவுருக்கள், சுட்டியின் அளவு, சாளரத் தீம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே போய்ப் பெரிதாக்க வேண்டும். கல்யாண வீட்டில் உறவினர்களை ஒவ்வொருவராகக் கைப்பிடித்துப் பந்திக்கு அழைத்துவருகிற வேலை அது. சாளரத் தீமுக்கு எச்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ என்று இரண்டு பெரிய வடிவங்கள் கூடவே வருகின்றன, முதலாவது போதும்.

இதை மாற்றாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். நான் போட்டிருந்த தீமில் ஓரம் ஒரே ஒரு பிக்சல், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். டிராக்பாலைக் கட்டைவிரலால் உருட்டி அந்தக் கோட்டின்மேல் நிறுத்துவதற்குள் நான்கு முறை தாண்டிப் போனது. ஐந்தாம் முறை பின்னாலிருந்த சாளரம் முன்னால் வந்து நின்றது. பிறகுதான் ஆல்ட் விசையை நினைத்துக்கொண்டேன். அதை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தையும் இடப்பொத்தானால் பிடித்து நகர்த்தலாம், வலப்பொத்தானால் அளவை மாற்றலாம். பாதாளத்தில் கிடக்கும் ‘சரி’ பொத்தானையும் இப்படித்தான் மேலே இழுத்து எடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயைச் சின்னத் திரையில் ஓட்டும் எவருக்கும் முதலில் சொல்ல வேண்டிய பாடம் இது.

இடத்தை மீட்பதில் இதற்கு நல்ல கை உண்டு. கீழ்ப்பட்டையை நீக்கினேன். மேல்பட்டையை ‘டெஸ்க்பார்’ முறைக்கு மாற்றி இடது ஓரத்தில் நிற்க வைத்தேன். திரையின் அகலம் 111 மில்லிமீட்டர், அதில் கொஞ்சம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. சாளரம் முழுத்திரைக்கு விரியும்போது தலைப்பை மறைக்கச் சொல்லும் வசதி, சாளர மேலாளரின் நுண்திருத்தங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் தேர்ந்தெடுத்ததும் ஏழு மில்லிமீட்டர் திரும்பி வந்தது. மீதி எட்டும் மெனுவுக்கும் கருவிப்பட்டைக்கும் உரியவை. அவற்றை எந்த டெஸ்க்டாப்பும் மீட்டுத்தர முடியாது, அந்தந்த மென்பொருளிடம்தான் கேட்க வேண்டும். கோப்பு மேலாளரான துனாரிலும் குறிப்பெழுதும் மவுஸ்பேடிலும் கண்ட்ரோலோடு எம் விசையை அழுத்தினால் மெனு வரிசை மறைந்துவிடும்.

எல்எக்ஸ்கியூட்டி

எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப்பின் கியூட்டி வடிவமும் ரேசர்-கியூட்டி என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் ஒன்றாகி 2014இல் முதல் வெளியீடு கண்ட டெஸ்க்டாப் இது. பொத்தான், மெனு முதலியவற்றை வரைந்துதரும் கியூட்டி நூலகத்துக்குப் பின்ன எண்கள் புரியும் என்பதே இதன் பலம். அமர்வு அமைப்பில் ஒன்றரை என்று கொடுத்தால் பட்டை, மெனு, கோப்பு மேலாளர், டெர்மினல் எல்லாம் ஒரே தாவலில் வளர்ந்து நிற்கின்றன. பந்திக்கு அழைக்கும் வேலை இல்லை.

சந்தோஷம் ஃபயர்பாக்ஸைத் திறக்கும்வரைதான். அதுவும் படம் திருத்தும் கிம்பும் ஜிடிகே என்ற வேறொரு நூலகத்தின் குடும்பம். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11இல் ஜிடிகே முழு எண்களை மட்டுமே ஏற்கும். ஒரே திரையில் இரண்டு அளவு எழுத்துகளோடு குடித்தனம் நடத்த வேண்டும், அல்லது ஃபயர்பாக்ஸின் உள்ளமைப்பில் பிக்சல் விகிதத்தைக் கையால் மாற்ற வேண்டும். உங்கள் மென்பொருள்கள் எல்லாம் கியூட்டி என்றால் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். அப்படி யாருக்கு அமைகிறது?

ஐ3, ஸ்வே

இங்கே கேள்வியே மாறுகிறது. மேற்சொன்ன இரண்டிலும் நான் பட்ட பாடெல்லாம் சாளரங்களை நகர்த்துவதிலும் இழுப்பதிலும்தான். 62 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்து என்ன காணப்போகிறோம்? மைக்கேல் ஸ்டேப்பல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3 அந்த உரிமையையே உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. சாளரங்கள் தாமே இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

இதைப் பரிந்துரைப்பவர்கள் திரையை நான்காகக் கூறுபோட்ட படங்களைக் காட்டுவார்கள். கைக்கணினிக்கு அது உதவாது. ஒவ்வொரு கூறும் தபால்தலை அளவுக்கு வரும். நமக்கு வேண்டியது இதன் தாவல் முறை. எல்லாச் சாளரங்களும் முழு அளவில், மேலே ஒரே வரிசையில் அவற்றின் பெயர்கள். கீழ்ப்பட்டையை மறைவு முறையில் வைத்தால், கட்டளை விசையை அழுத்தியிருக்கும்போது மட்டும் தலைகாட்டும். தாவல் வரிசைக்கு மூன்று மில்லிமீட்டர் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது, மற்றபடி நிறைவு.

ஐ3 எக்ஸ்11இல் ஓடுவதால் எழுத்துக்கு டிபிஐ வித்தைதான். எக்ஸ்11க்குப் பின் வந்த புதிய முறை வேலண்ட். அதில் ஓடும் ஐ3இன் சகோதரனான ஸ்வேயில் திரைக்கே ஒன்றரை என்று சொல்லிவிடலாம். ஜிடிகே, கியூட்டி என்ற சாதி வேறுபாடு இல்லாமல் எல்லாம் வளரும். எக்ஸ்11ஐ விடாத சில பழைய மென்பொருள்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். கட்டளைகள் எல்லாம் விசைப்பலகையில். டிராக்பாலுக்கு ஏறக்குறைய ஓய்வு. டெர்மினலில் குடியிருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் உங்கள் கருவியை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். என் அண்ணன் மகள் வாங்கிப் பார்த்து, இரண்டு நிமிடம் எதுவும் திறக்காமல் உட்கார்ந்திருந்து, “சித்தப்பா, இது கெட்டுப்போய்விட்டதா?” என்று கேட்டாள்.

ஓப்பன்பாக்ஸும் லேப்டபிள்யூசியும்

கடைசியாக வந்தாலும் நான் தங்கிய இடம் இதுதான். ஓப்பன்பாக்ஸ் ஒரு சாளர மேலாளர் மட்டுமே. பட்டை, பின்னணி, அறிவிப்பு எதுவும் அதனிடம் இல்லை, வேண்டுமானால் டின்ட்2 போன்றவற்றை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஏழ்மைதான் இங்கே சொத்து. அதன் அமைப்புக் கோப்பில் மென்பொருள் வாரியாக விதி எழுதலாம். நட்சத்திரக் குறி போட்டு, ‘எந்தச் சாளரமானாலும் முழுத்திரைக்கு விரி, சட்டம் வேண்டாம்’ என்று எழுதிவிட்டால், ஐ3இன் ஒழுங்கில் பெரும்பகுதி அதன் இலக்கணம் இல்லாமலே கிடைத்துவிடும். சாளரம் மாற்ற எல்லோருக்கும் தெரிந்த ஆல்ட்-டேப்.

ஓப்பன்பாக்ஸின் கடைசி வெளியீடான 3.6.1 வந்தது 2015இல். எக்ஸ்11இல் நின்றுவிட்ட மென்பொருள். ஒன்றரை மடங்கெல்லாம் அதற்குத் தெரியாது. லேப்டபிள்யூசி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஓப்பன்பாக்ஸின் அமைப்புக் கோப்பு முறையைப் பின்பற்றி வேலண்டுக்காக எழுதப்பட்டது. ராஸ்ப்பெரி பை ஓஎஸ் 2024 அக்டோபரில் இதைத்தான் இயல்பிருப்பாக்கியது. எக்ஸ்எஃப்சிஇ 4.20இன் சோதனை நிலை வேலண்ட் அமர்வும் இதன் தோளில்தான் ஏறி நிற்கிறது. விதிகளும் உண்டு, திரைக்கே ஒன்றரை மடங்கும் உண்டு. பட்டையே இல்லாமல் வைத்திருக்கிறேன். ஏழு மில்லிமீட்டரும் முழுதாகக் கைக்கு வந்தது, ஓர் இழுப்பு வேலையும் இல்லாமல்.

நட்சத்திரக் குறிக்கு விவேகம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் கால்குலேட்டரைத் திறந்தேன். அதுவும் திரை முழுவதும் விரிந்து, ஒவ்வொரு எண்ணும் கட்டைவிரல் அகலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்படிப்பட்டவற்றுக்குப் பெயர் சொல்லி விதிவிலக்கு எழுத வேண்டும். என்னிடம் ஐந்து விதிவிலக்குகள் சேர்ந்திருக்கின்றன.

எதை எடுத்தாலும் வரும் இரண்டு தொல்லைகள்

இத்தகைய கருவிகள் பலவற்றில் திரைப்பலகம் உண்மையில் நிமிர்ந்த வடிவம், படுக்கவைத்துப் பொருத்தியிருப்பார்கள். டெஸ்க்டாப்பில் சுழற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்பு உள்ளே நுழைந்த பிறகுதான் செல்லும். வாசலில் நின்று கடவுச்சொல் கேட்கும் லைட்டிஎம் அதைக் கேட்காது. ஒரு வாரம் கழுத்தைச் சாய்த்துக் கடவுச்சொல் அடித்த பிறகே, லைட்டிஎம்முக்குத் தனியாக ஒரு சுழற்சிக் கட்டளை எழுதினேன்.

இன்னொன்று தமிழ். பட்டையின் உயரத்தைக் குறைக்கும்போது ஆங்கிலம் தப்பிவிடும். ‘கூ’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழிகள் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ‘யுஐ’ என்ற வடிவம் இப்படி நெருக்கமான இடங்களுக்காகவே செங்குத்து இடைவெளியைக் குறைத்துச் செய்யப்பட்டது. அதைப் போட்டதும் சரியானது. தட்டச்சுக்கு ஐபஸ் போன்ற தனி மென்பொருள் இல்லாமலே, லினக்ஸின் விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியில் தமிழ்நெட்99 தளவமைப்பு இருக்கிறது, இங்கே சொன்ன எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் முன்பின் எழுத்தைப் பார்த்துத் தானாகப் புள்ளி வைக்கும் அறிவு எக்ஸ்கேபிக்குக் கிடையாது, ஒவ்வொரு புள்ளியையும் நாமே அடிக்க வேண்டும். அந்தக் குட்டி விசைகளில் அது கட்டைவிரலுக்கு நல்ல உடற்பயிற்சி.

நுழைவுத் திரையில் இன்று இரண்டு அமர்வுகள் வைத்திருக்கிறேன். லேப்டபிள்யூசி எனக்கு, எக்ஸ்எஃப்சிஇ, கருவியைக் கேட்டு வாங்குபவர்களுக்கு. பட்டை இல்லாததால் மணி தெரியவில்லையே என்று முதலில் தவித்தேன். இப்போது ஒரு விசையை அழுத்தினால் மணியும் பேட்டரி மிச்சமும் திரையின் மூலையில் இரண்டு நொடி தோன்றி மறைகின்றன.