தாழ்த்திய போலோவில் வீல் ஸ்பேசர்: பெங்களூருச் சாலைகளில் நீண்ட நாள் அனுபவம்

காரின் உயரத்தைக் குறைத்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்துத் தேடுவது வீல் ஸ்பேசரைத்தான். சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) இடையில் வைத்து, சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளும் உலோகத் தட்டு அது. உடல் கீழே இறங்கிய பிறகு சக்கரம் அதை மேலிருந்து மூடும் ஃபெண்டருக்குள் ஒடுங்கிக் கிடப்பது கண்ணை உறுத்தத் தொடங்கும். என்னுடைய ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 35 மிமீ தாழ்வான ஸ்பிரிங்குகளும் 16 அங்குல அலாய் சக்கரங்களும் போட்ட பிறகு எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. பின்சக்கரங்களில் மட்டும் 10 மிமீ ஸ்பேசர் போட்டேன். பெங்களூரின் மழைக்காலங்கள் சிலவற்றையும், ஓசூர் வழியாகச் சேலத்துக்குப் போய்வந்த நெடுஞ்சாலைப் பயணங்களையும் அவை தாங்கி நிற்கின்றன. எத்தனை மிமீ போடலாம் என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில், அந்த ஸ்பேசர் ஹப்பின் மீது எப்படி உட்காருகிறது என்பதைத்தான் அதற்கு முன் பார்க்க வேண்டும்.

போலோவின் சக்கரம் 100 மிமீ வட்டத்தில் அமைந்த ஐந்து போல்ட்டுகளால் பிடிக்கப்படுகிறது, நடுத்துளை 57.1 மிமீ. ஹப்பின் நடுவில் வட்டமாக எழுந்து நிற்கும் விளிம்புதான் சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. போல்ட்டுகளின் வேலை அதை ஹப்போடு இறுக்கி அழுத்துவது. ஆகவே ஸ்பேசரின் உட்பக்கத் துளை ஹப் விளிம்பின் மீது ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும், அதன் வெளிப்பக்கத்திலும் அதே 57.1 மிமீ அளவில் ஒரு விளிம்பு எழுந்து நின்று சக்கரத்தைத் தாங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சக்கரத்தை மையப்படுத்தும் பொறுப்பு போல்ட்டுகளின் மீது விழுந்து, 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கமாக வெளிப்படும். பின்சக்கரத்தில் இந்தக் கோளாறு இருந்தால் ஸ்டீயரிங்கை விட இருக்கையில்தான் அதிகம் தெரியும் என்பதால், பலர் அதை டயரின் குறை என்று எண்ணி பாலன்சிங் செய்துகொண்டே இருப்பார்கள்.

மெல்லிய ஸ்பேசர்தான் பாதுகாப்பானது என்ற எண்ணமும் இங்கேதான் தடுமாறுகிறது. 5 மிமீ ஸ்பேசரில் வெளிப்பக்க விளிம்பு அமைக்க இடம் கிடையாது. அதை மாட்டியதும் ஹப் விளிம்பின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிட, சக்கரத்துக்கு எஞ்சுவது ஓரிரு மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் துளை ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் அந்தப் பிடிப்பும் இல்லாமல் போகும். 10 மிமீக்கு வரும்போது நல்ல தயாரிப்பாளர்கள் விளிம்பு வைத்தே செய்கிறார்கள். ஆனால் நம் ஹப் விளிம்பின் நீளம் ஸ்பேசரின் உட்குழிவின் ஆழத்தை விட அதிகமாக இருந்தால் ஸ்பேசர் ஹப் முகத்தில் முழுதாகப் படியாது. வெர்னியர் காலிப்பரால் இந்த இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது மிக அவசியம்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, “சார், பதினஞ்சு போட்டுருங்க, அப்பத்தான் வெளிய தெரியும்” என்பது. அளவு எதுவும் கேட்கப்படவில்லை. வாங்குபவர் சொல்ல வேண்டிய முதல் எண் சக்கரத்தின் ஆஃப்செட். என்னுடைய சக்கரத்தின் பின்புறத்தில் 7 ஜே, இ.டி. 40 என்று வார்க்கப்பட்டிருக்கிறது; இ.டி. என்பதுதான் ஆஃப்செட். அதாவது அகலம் 7 அங்குலம், சக்கரத்தின் மையக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் 40 மிமீ வெளியே இருக்கிறது. 10 மிமீ ஸ்பேசர் போட்டால் அது இ.டி. 30 சக்கரத்துக்குச் சமம். 15 மிமீ என்றால் இ.டி. 25. ஏற்கெனவே ஆஃப்செட் குறைவான அலாய் போட்டிருப்பவருக்கு ஸ்பேசரே தேவைப்படாமல் போகலாம்.

அளப்பதற்குச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல ஒரு நூலில் நட்டைக் கட்டி, ஃபெண்டரின் வெளி விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் தோளுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சம தரையில் அளந்தால் போதும். ஆனால் இது நிற்கும் காரின் அளவு மட்டுமே. பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் இருக்கும்போது, நம் ஊர் ஹம்ப் ஒன்றில் ஏறி இறங்கும் கணத்தில் டயர் எவ்வளவு மேலே போகிறது என்பதுதான் உண்மையான சோதனை. டயரின் தோளிலும் பக்கவாட்டிலும் சாக்பீஸால் சுற்றிலும் தடிமனாகக் கோடு போட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவில் குறுக்காக ஏறினேன். அப்படி ஏறும்போது ஒரு பின்சக்கரம் மட்டும் முழுதாக அமுங்கும். நண்பர் ஒருவரின் 15 மிமீ ஜோடியை, அதற்குரிய போல்ட்டுகளோடு மாட்டிப் பார்த்தபோது, ஃபெண்டரின் உள்மடிப்பு பட்ட இடத்தில் அந்தக் கோடு ஒரு விரற்கடை அகலத்துக்கு வழித்தெடுத்தது போல அழிந்திருந்தது. 10 மிமீயில் கோடு கலையவே இல்லை. என் முடிவு அங்கேயே உறுதியானது. ஃபெண்டரின் உள்மடிப்பைத் தட்டி மடக்கி இடம் ஏற்படுத்துகிறவர்கள் உண்டு. பெயின்ட் வெடித்து, அந்த விரிசலில் மழைநீர் இறங்கித் துருப்பிடிக்கும் என்பதால் நான் அதை நாடவில்லை.

முன்சக்கரங்களை ஏன் விட்டுவிட்டேன் என்று பலர் கேட்கிறார்கள். முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். கார் தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி சற்று உள்ளே சாயும். பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு சக்கரங்களையும் ஒரே உத்திரம் இணைக்கும் வகை. எவ்வளவு தாழ்த்தினாலும் கேம்பர் கோணம், அதாவது சக்கரத்தின் அந்தச் சாய்வு, ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதனால் ஃபெண்டருக்குள் கிடைக்கும் இடம் முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே தடிமன் என்பது இந்தக் காருக்குப் பொருந்தாத யோசனை. அதை விடப் பெரிய காரணம் ஸ்டீயரிங். முன்சக்கரத்தை வெளியே தள்ளினால், சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள உறவு மாறிவிடும். பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதோ, ஒரு பக்கம் ஈரமாக இருக்கும் சாலையில் பிரேக் பிடிக்கும்போதோ, ஸ்டீயரிங் கையிலிருந்து இழுத்துக்கொள்ளும் தன்மை கூடும். தோண்டி மூடிய சாலைகளே அதிகமுள்ள ஊரில் அந்த இழுப்பு நாள் முழுவதும் கூடவே வரும்.

போல்ட்டுகளில் மட்டும் சிக்கனம் கூடாது. ஸ்பேசர் எத்தனை மிமீயோ அத்தனை மிமீ நீளமான போல்ட் வேண்டும். 27 மிமீ மரை நீளமுள்ள போல்ட் இருந்த இடத்தில் 10 மிமீ ஸ்பேசருக்கு 37 மிமீ. எம்14 போல்ட் தன் விட்டமான 14 மிமீக்குக் குறையாமல் ஹப்புக்குள் மரையேற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதன் மரை இடைவெளி 1.5 மிமீ என்பதால், கையால் முடுக்கும்போது ஒன்பது சுற்றுக்குச் சற்று மேல் போக வேண்டும். நீளம் கூடிவிட்டாலும் ஆபத்துதான், டிரம் பிரேக்கின் உட்பாகங்களில் போய் முட்டும். அடுத்தது போல்ட்டின் அடிப்பகுதி. ஃபோக்ஸ்வாகனின் சொந்தச் சக்கரங்களுக்கு பால் சீட் எனப்படும் உருண்ட அடிப்பகுதி. வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு கோன் சீட் எனப்படும் கூம்பு வடிவம். ஒன்றை மற்றொன்றில் போட்டால் மெல்லிய கோடு போன்ற பகுதியில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடும்; இறுக்கியபோது சரியாகத் தோன்றினாலும் ஓட்டத்தில் தளரும்.

மாட்டும்போது ஹப் முகத்தில் இருந்த துருவை வயர் பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தேன். துருவின் ஒரு சிறு செதில் இடையில் சிக்கினாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். நடு விளிம்பில் மட்டும் செராமிக் பேஸ்ட் மெல்லிதாகத் தடவினேன். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதை அது தடுக்கிறது. மரைகளில் எதுவும் தடவவில்லை, ஏனென்றால் 120 நியூட்டன் மீட்டர் என்ற இறுக்க அளவு உலர்ந்த மரைக்கானது. முதல் 100 கிலோமீட்டருக்குள், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்தேன். அதன் பிறகு டயர் இடம் மாற்றும்போதெல்லாம் அதே சோதனை.

இவ்வளவு நாள் ஓட்டத்தில் நடுக்கம் இல்லை. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போதும் இல்லை. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங்கில் தளர்வு தெரியவில்லை, சுழற்றினால் உறுமலும் இல்லை. இருந்தாலும் சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மீதான நெம்புகோல் விசை கூடும் என்பது இயற்பியல். மழையில் தெரியும் மாற்றம் வேறு: டயர் வாரி இறைக்கும் சேறு இப்போது பின் பம்பரின் ஓரங்களில் முன்பை விட அதிகமாகப் படிகிறது. வளைவுகளில் பின்பகுதி இன்னும் நிதானமாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நகர ஓட்டத்தில் எனக்கு அந்த வேறுபாடு புலப்படவில்லை. நான் இதைத் தோற்றத்துக்காகத்தான் போட்டேன், அந்த அளவில் முழுத் திருப்தி.

பஞ்சர் விஷயத்தில் முன்னேற்பாடு வேண்டும். போலோவில் ஹப்பிலிருந்து நீளும் ஸ்டட்கள் (மரையுள்ள கம்பிகள்) கிடையாது. போல்ட்டுகளைக் கழற்றியதும் சக்கரத்தோடு ஸ்பேசரும் கையோடு வந்துவிடும். ஓசூரைத் தாண்டி ஒரு பஞ்சர் கடையில், ஸ்பேசரைத் தரையில் கழற்றி வைத்துவிட்டு, அதே நீளப் போல்ட்டுகளால் ஸ்டெப்னியை மாட்டப் போனார் கடைத் தம்பி. “தம்பி, அது வேண்டாம், இதைப் போடுங்க” என்று கம்பெனி போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெப்னி இரும்புச் சக்கரம், அதற்கு பால் சீட் உள்ள பழைய நீளப் போல்ட்தான் பொருந்தும். அந்த ஐந்து போல்ட்டுகளும் ஒரு துணிப்பையில் ஜாக்கியோடு எப்போதும் இருக்கின்றன. ஏர் கன்னால் இறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுவது நல்லது.

சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் இந்த மாற்றம் கேள்விக்குள்ளாகலாம்.

டயர் மாற்றும் காலம் வந்தால் இதே அளவெடுப்பை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். 195/55 ஆர்16 என்று ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் டயர் தோள் சதுரமாகவும் மற்றொன்றுடையது உருண்டும் இருக்கும்; சதுரத் தோள் டயர் வாங்கினால் என் காரில் இந்த 10 மிமீயே உரசக்கூடும். அதனால் புது டயர் மாட்டிய அன்றே, நெடுஞ்சாலையில் எடுப்பதற்கு முன், சாக்பீஸோடு பேஸ்மென்ட் சரிவில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுவேன்.