ஊருக்குப் போன பத்து நாளும் கோப்பியின் வலிப்பும்

மெல்பர்னில் இருக்கும் நான் சிங்கப்பூருக்குக் கடைசியாகப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த முறை பத்து நாள் லீவு. காலையில் தேக்காவில் (லிட்டில் இந்தியா) தோசை, மத்தியானம் அம்மா சமையல், அப்புறம் தூக்கம், இவ்வளவுதான் திட்டம். தம்பி நாய் தத்தெடுத்திருக்கிறான் என்று தெரியும், வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். பெயர் கோப்பி. பால் ஊற்றாத கோப்பி-ஓ நிறம், அதனால்.

வீடு யீஷூனில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நான்கறை அடுக்குமாடி வீடு. முன்பெல்லாம் வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சின்ன இன நாய்களைத்தான் வளர்க்கலாம். 2012இல் தத்தெடுப்புக்கான அடோர் திட்டம் வந்த பிறகுதான் நம்மூர்க் கலப்பின நாய்களுக்கும் கதவு திறந்தது. கோப்பி அந்த வழியில் வந்தவன், வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான்.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் இரவு, மணி 2:40 இருக்கும், கூடத்தில் தரையை நகத்தால் பிராண்டுகிற மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் கோப்பி பக்கவாட்டில் கிடக்கிறான், நான்கு காலும் நீந்துவது போல் அடிக்கின்றன, வாயில் நுரை, அடியில் மூத்திரம் ஓடுகிறது, கண் திறந்திருக்கிறது ஆனால் பார்வை இல்லை. தம்பி நாக்கை இழுத்துவிடுகிறேன் என்று வாய்க்குள் விரலை விடப் போனான், சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாய் நாக்கை விழுங்காது, ஆனால் அந்த நேரத்தில் தாடை கடித்தால் யார் விரல் என்று அதற்குத் தெரியாது. அதற்குள் அம்மா வீட்டுச் சாவிக் கொத்தோடு ஓடி வந்து முன்னங்காலில் திணிக்கப் பார்க்கிறார்.

"அம்மா, அது நாய்மா."

"நாயா இருந்தா என்ன, வலிப்பு வலிப்புதானே. இரும்பு குடு."

கையில் இருந்த போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. சத்தியமாக அரை மணி நேரம் போலத்தான் இருந்தது. பெரும்பாலான வலிப்பு இப்படி ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நின்றுவிடும், பெருமை மட்டும் சாவிக்குப் போய்விடும்! எழுந்த கோப்பி சுவரில் முட்டினான், சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான், தம்பியையே அடையாளம் தெரியவில்லை, பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

ஒரே ஒரு சின்ன வலிப்பு என்றால் விடியட்டும் என்று இருந்திருப்போம். 4:10க்கு மறுபடி வந்தது. ஒரு நாளுக்குள் இரண்டு வந்தாலோ, ஒன்றே ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ உடனே கிளம்ப வேண்டும்.

கிளம்புவதுதான் பெரிய கதை. எல்லாவற்றுக்கும் ஆப் இருக்கிற ஊர். ஆனால் வழிகாட்டி நாயைத் தவிர வேறு நாயைப் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள், அந்த நேரத்தில் இரண்டுமே ஓடவும் ஓடாது. டாக்சி என்றால் ஓட்டுநர் மனம் வைக்க வேண்டும். ஆப்பில் மூன்று பேர் ஒப்புக்கொண்டு, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பியதும் மூன்று பேரும் ரத்து செய்தார்கள். புளோக்குக்குக் கீழே துண்டில் சுற்றிய நாயோடு முப்பத்தைந்து நிமிஷம் நின்றோம். கடைசியில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, அவரிடமும் வயசான நாய் ஒன்று உண்டு, சத்தம் கேட்டு இறங்கி வந்து ஒரு வேன் அங்கிளின் எண்ணைக் கொடுத்தார். அவர் செருப்போடு அப்படியே வந்தார், பின்சீட்டில் ரப்பர் விரிப்பு ரெடியாக இருந்தது. அந்த எண்ணை இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம். நாய் வளர்க்கிறவர்கள் இந்த ஒரு வேலையைப் பகலிலேயே செய்து வையுங்கள்.

24 மணி நேர மருத்துவமனையில் முதலில் முன்பணம், பிறகுதான் நாய். எனக்கு எரிச்சல்தான், ஆனால் மெல்பர்னிலும் இதே கதைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் நல்லவர், அவசரப்படாமல் கேட்டார். வீடியோ இருக்கிறதா? இரண்டாவது வலிப்பை எடுத்திருந்தேன், அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். என்ன சாப்பிட்டான்? சமீபத்தில் உண்ணி மாத்திரை கொடுத்தீர்களா? போன வாரம்தான் தம்பி கொடுத்திருக்கிறான். ஐசாக்ஸசோலின் வகை உண்ணி மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இலேயே எச்சரித்திருக்கிறது. அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, இனி வேறு வகை கொடுங்கள் என்றார்.

ரத்தத்தில் சர்க்கரை, ஈரல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வயது சுமார் இரண்டு. காரணம் பிடிபடாத வலிப்பு நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான் தொடங்குமாம். எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆயிரக்கணக்கில் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே சொன்னது பிடித்திருந்தது. பில்லில் எது எதற்கு எவ்வளவு என்று நான் கேட்ட பிறகுதான் பிரித்துக் கொடுத்தார்கள். மேலே 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு.

வலிப்பைக் கட்டுப்படுத்த ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ரத்தத்தில் அளவு நிலைக்க இரண்டு வாரம் ஆகும், அப்போது ஒரு சோதனை. நன்றாக இருக்கிறான் என்று நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆசனவாய் வழியாகச் செலுத்த வலிப்பை நிறுத்தும் டயஸிபாம் மருந்து கொடுத்து, எப்படி என்று தம்பிக்குச் செய்து காட்டினார்கள்.

தத்துக் கொடுத்த குழுவிடம் தம்பி கேட்டான். "ஒருமுறை மயங்கி விழுந்தான், வெயில் என்று நினைத்தோம்" என்றார்கள். தாளில் அது இல்லை. எனக்குக் கோபம், எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். அம்மாதான், "எழுதியிருந்தா நம்ம எடுத்திருப்போமா, சொல்லு" என்று என் வாயை அடைத்தார்.

மாத்திரையால் கோப்பிக்குப் பசியும் தாகமும் அதிகம், நடையில் ஒரு தள்ளாட்டம், முறுக்கு டப்பாவை மேலே ஏற்றியாகிவிட்டது. காலை எட்டு, இரவு எட்டு, அம்மா இட்லித் துண்டுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கிறார். படுக்கைக்கு மேலே சுவரில் தேதி, நேரம், எத்தனை விநாடி என்று எழுதும் தாள். பக்கத்து ஆணியில் சாவிக் கொத்து. கிளம்பும் முன் அதை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான், வேண்டாம் என்றேன். சாவி கையில் இருந்தால் அம்மாவின் விரல் நாயின் வாய்ப்பக்கம் போகாது.