நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்ன டாக்டர்

இந்த முறை நான் ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ அல்ல. எடை குறைக்கும் ஆபரேஷனைச் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போனேன். வயது 64. எடை 94 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர், பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 38. சர்க்கரை வந்து 17 வருடம், இன்சுலின் போடத் தொடங்கி 6 வருடம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இங்கிலாந்தில், லெஸ்டர் வீட்டில் மாடி ஏறும்போது படிக்குப் படி நின்று மூச்சு வாங்குகிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மகள் சொன்ன பிறகுதான் உண்மையான பயம் வந்தது.

இங்கிலாந்தில் பிஎம்ஐ 40 இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோய் சேர்ந்திருந்தாலோ ஆபரேஷனுக்கு அனுப்பலாம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு அந்த அளவை 2.5 குறைத்துப் பார்ப்பார்கள். எனக்குத் தகுதி உண்டு, பெயரும் வரிசையில் இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்து படுத்துக் கிடக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? மகள் வேலைக்குப் போகிறவள். தங்கை ஊரில், தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் இருக்கிறாள். 5 வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற கணக்கோடுதான் விமானம் ஏறினேன்.

தங்கைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "அறுபத்தி நாலு வயசு ஆச்சு. இப்பம் எதுக்கு அக்கா வயித்தக் கீறணும்? சோத்தக் குறச்சா போராதா?" என்றாள். 20 வருடமாகச் சோற்றைக் குறைத்துப் பார்த்தவள் நான். அவளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் பகுதிக்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான். 1956-இல் எங்கள் விளவங்கோடு தாலுகா கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் போனால் பாலராமபுரம் சந்திப்பில் மாட்டிக்கொள்வோம். முழங்கால் வலி உள்ளவர்கள் குழித்துறையில் ரயில் ஏறுவதே நல்லது.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, காத்திருக்கும் இடத்தில் இலவசக் காப்பி. டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு பெண் என்னை உட்காரவைத்துப் பேக்கேஜ் விவரம் சொன்னார். வியாழக்கிழமை அட்மிட், வெள்ளிக்கிழமை ஆபரேஷன், பத்தாம் நாள் விமானம் ஏறலாமாம். வயிற்றில் தையல் போட்ட இடம் கசிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் வராது மேடம், வாட்ஸ்அப்ல டச்ல இருப்போம்" என்றார். கசிவு அபூர்வம்தான். ஆனால் வந்தால் முதல் சில நாட்களிலோ, சில வாரம் கழித்தோகூட வரும். ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு, நீண்ட விமானப் பயணம் அதைக் கூட்டும். இவற்றையெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். படிக்காத ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முன்பணம் கட்டியிருப்பாள். அதை நினைக்க எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இரண்டாவது இடம் சிறியது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். அதற்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. களியக்காவிளை லேபிலிருந்து ஒரு தம்பி காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார், மாலைக்குள் முடிவு போனுக்கு வந்தது. வைட்டமின் டி மோசம், பி12-உம் குறைவு. தூக்கப் பரிசோதனைக் கருவியை ஓர் இரவுக்கு வீட்டுக்கே தந்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. தங்கை விடியும்வரை தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நிற்பதை அவள் கண்ணால் கண்டது அன்றுதான். அதன் பிறகு சோற்றுப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த டாக்டர் பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் பேசினார். ரிப்போர்ட்டைத் திறக்கவில்லை. "அம்மா, கைய நெஞ்சில வெச்சிட்டு அஞ்சு தடவ எழும்பி உட்காருங்க" என்றார். முதல் தடவையே என்னால் எழும்ப முடியவில்லை. கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடிப்போனது. மூன்றாவது முயற்சியில் எழுந்தேன், ஐந்து தடவைக்கு மேஜையையும் பிடிக்க வேண்டியிருந்தது. 15 நொடிக்குள் கையை ஊன்றாமல் முடித்தால் காலில் பலம் இருக்கிறது என்று அர்த்தமாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். வயது தடையில்லை, தளர்ச்சிதான் தடை. ஆபரேஷனுக்குப் பின் எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், எலும்பும் மெலியும். 40 வயதில் அது தாங்கும். 64-இல் ஏற்கனவே தசை குறைந்திருப்பவர் மெலிந்தபடி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக்கூடும்.

எந்த ஆபரேஷன் என்பதையும் என் உடம்பை வைத்தே விளக்கினார். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவது. எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு, ஸ்லீவில் அது கூடலாம். பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அது மேல். ஆனால் பைபாஸுக்குப் பிறகு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, இணைப்பில் புண் வரும். முழங்காலுக்கு நான் தினம் விழுங்குவது அதைத்தான்! இத்தனை வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டில் எதுவானாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்.

சர்க்கரை போய்விடுமா என்று ஆசையோடு கேட்டேன். "17 வருஷம், அதுவும் இன்சுலின். முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். மருந்து குறையும்" என்றார். பேக்கேஜ்காரர்கள் 'சர்க்கரைக்கு விடுதலை' என்று அச்சடித்துக் கொடுத்த காகிதம் அப்போதும் என் பையில் இருந்தது.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் பேசினோம். 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி என்ற இரண்டு ஊசிகளும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆய்வுகளில் முழு அளவு மருந்தில் ஒன்றரை வருடத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை எடை குறைந்தது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வரும், தசை கரைவது அதிலும் உண்டு. ஊசியில் தொடங்கிப் பார்ப்பதும் ஒரு வழிதான் என்றார், அவசரப்படுத்தவில்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்காக விசாரிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியக் காப்பீட்டு விதிப்படி பிஎம்ஐ 40, அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரையோ கடுமையான தூக்க மூச்சடைப்போ இருந்தால், மற்ற வழிகள் பலிக்காதபோது டாக்டர் பரிந்துரையோடு இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க வழி உண்டு. பாலிசியின் காத்திருப்புக் காலத்தை முதலில் பாருங்கள்.

டயட்டீஷியன் எங்கள் சமையலைத் தெரிந்தவர். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டில் முதலில் சாளை மீன், அப்புறம் பயறு, கடைசியில் இரண்டு துண்டு மரச்சீனி. ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமுக்குக் குறையக்கூடாது. நான் அதுவரை தின்றது அதில் பாதிகூட இருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால், அதையும் இப்போதே பழகச் சொன்னார்.

முடிவு இதுதான்: இந்தப் பயணத்தில் செய்துகொள்ளவில்லை. 6 மாதம் காலுக்குப் பலம் ஏற்றிவிட்டு, 3 மாதம் தங்கும்படி திரும்ப வந்து பைபாஸ் செய்துகொள்ளப் போகிறேன். அதற்குள் வலி மாத்திரையை நிறுத்த வழி தேட வேண்டும், லெஸ்டர் டாக்டரிடம் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டி, பிற்பாடு ரத்தப் பரிசோதனைகளை அங்கே செய்வார்களா என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

மிச்சமிருந்த 3 வாரமும் தங்கை வீட்டுத் திண்ணைதான் எனக்கு ஜிம். காலையும் மாலையும் மர நாற்காலியைப் போட்டு, போனில் நொடி பார்த்து எண்ணினாள். கிளம்பும் அன்று காலை, கையை நெஞ்சில் வைத்தபடி ஐந்து தடவையும் எழும்பி உட்கார்ந்தேன். 19 நொடி.

"இன்னும் நாலு நொடிதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, டாக்சிக்காரர் ஹார்ன் அடிப்பதைக் கவனிக்காமல், "இன்னொருக்க எழும்பு" என்றாள்.